முறிந்த தாக்கத்தியும் எக்ஸ் கதிரும்: உருக்கின் உள்ளமைப்பை எப்படிப் படிக்கிறார்கள்?

கடந்த பெரும்போக வெட்டில் எங்கள் வயலில் ஒரு தாக்கத்தி, அதாவது கதிர் அறுக்கிற அரிவாள், முறிந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது வெள்ளாமையை வெட்டுவது பெரும்பாலும் மெசின்தான். என்றாலும் மழைக்குப் படுத்த கதிரையும், மெசின் புதைகிற சேற்று மூலைகளையும் கையால்தான் அறுக்கவேண்டும். அப்படி ஒரு மூலையில், வரம்போரத்துக் கல்லில் இலேசாகத் தட்டியதும் ‘டக்’ என்று பீங்கான் போல உடைந்துபோனது. வளையவில்லை, வாய் மழுங்கவில்லை, நேராக இரண்டு துண்டு. கம்மாலையில் அடித்து வாங்கி இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

துண்டை எறிய மனமில்லாமல் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்தேன். நான் பௌதிகவியல் படிப்பித்த பிள்ளை ஒருவர் வெளிநாட்டில் ஒரு உலோக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார். சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்கு வந்தவர் கதையைக் கேட்டுவிட்டு, “சேர், அந்தத் துண்டைத் தாங்க, எக்ஸ் கதிர் வச்சுப் பாத்துச் சொல்றன்” என்று வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து வாட்சப்பில் ஒரு வரைபு வந்தது. கிடையில் கோணம், நிலைக்குத்தில் கதிரின் செறிவு, நடுவே நாலைந்து மேடுகள். வீட்டில் காட்டினேன். “இதென்ன, இருதயத்துக்கு எடுக்கிற கடதாசியா?” என்று கேட்டார்கள்.

அந்த மேடுகளை எப்படி வாசிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. சாதாரண தரத்தில் ‘சைன்’ படித்த ஞாபகம் கொஞ்சம் இருந்தால் போதும்.

எக்ஸ் கதிர் என்றதும் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். அங்கே எடுப்பது நிழல். கதிர் சதையை ஊடுருவிப் போகிறது, எலும்பு மறிக்கிறது, மறித்த இடம் படத்தில் வெள்ளையாக விழுகிறது. ஆனால் உள்ளே போகிற கதிரெல்லாம் ஒன்றில் நேரே போகும் அல்லது மறிபடும் என்றில்லை. ஒரு பங்கு திசை மாறி அங்குமிங்கும் சிதறும். அது படத்தைப் புகாராக்கிவிடும் என்பதால், உடம்புக்கும் படத்துக்கும் நடுவில் மெல்லிய ஈயப் பட்டிகளால் ஆன ஒரு தட்டியை வைத்து அதைத் தடுப்பார்கள். அங்கே வேண்டாமென்று ஒதுக்குகிற அந்தச் சிதறிய கதிர்தான் இங்கே நமக்கு முழு மூலதனம். நிழலை யாரும் பார்ப்பதில்லை. எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறியது என்பதை மட்டும் அளக்கிறோம்.

இதற்கு ஏன் எக்ஸ் கதிர்தான் வேண்டும்? சாதாரண வெளிச்சம் போதாதா? வாவியில் வலை கட்ட நட்டிருக்கும் கம்பைக் கவனித்திருப்பீர்கள். நீண்ட, சோம்பலான அலை வரும்போது கம்பு இருப்பதே அதற்குத் தெரியாது, அது பாட்டுக்குக் கடந்துபோகும். சின்னச் சின்ன நெளிவலை வந்தால் கம்பைச் சுற்றி வட்டம் வட்டமாக உடையும். அலையின் நீளமும் தடையின் அளவும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால்தான் அலை தடையைப் பற்றி ஏதாவது சொல்லும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நனோமீற்றர். இரும்பு அணுக்களுக்கு இடையிலான தூரமோ கால் நனோமீற்றர் அளவுதான். எக்ஸ் கதிர்க் குழாயில் செப்பை வைத்தால் வரும் கதிரின் அலைநீளம் 0.154 நனோமீற்றர். அணு இடைவெளிக்குத் தோதான அளவு.

1895இல் ரொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தபோது இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அது அலையா துகளா என்று பதினைந்து வருடத்துக்கும் மேலாக வாக்குவாதம் நடந்தது. 1912இல் மியூனிச்சில் மக்ஸ் வொன் லௌவே சொன்ன யோசனைப்படி பிரீட்ரிக், நிப்பிங் என்ற இருவர் ஒரு மயில்துத்தப் பளிங்கினூடாகக் கதிரைச் செலுத்தினார்கள். பின்னால் இருந்த தட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. கதிர் அலைதான், பளிங்குக்குள் அணுக்கள் வரிசையாகத்தான் நிற்கின்றன என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே தட்டில் பதில். அதே வருடம் இங்கிலாந்தில் லோரன்ஸ் பிரக் என்ற 22 வயதுப் பையன் அந்தப் புள்ளிகளுக்கு எளிமையான கணக்கொன்று போட்டார். தகப்பன் வில்லியம் பிரக்கோடு சேர்ந்து 1915இல் நோபல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 25.

அந்தக் கணக்கை விளங்கிக்கொள்ள ஒரு தென்னந்தோட்டத்துக்குப் போவோம்.

தென்னந்தோட்டத்தைக் கடந்து பஸ்ஸில் போகும்போது ஒரு விளையாட்டு நடக்கும். மரங்கள் தாறுமாறாகத் தெரியும். திடீரென்று ஒரு கணம் வரிசைகள் திறந்து தோட்டத்தின் மறுகோடிவரை வெளிச்சம் தெரியும். மறுபடி மூடும். கொஞ்சம் தள்ளிச் சரிவாக வேறொரு வரிசை திறக்கும். மரங்கள் நின்ற இடத்தில்தான் நிற்கின்றன, நாம் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப அவை வேறு வேறு வரிசைக் கூட்டங்களாகப் பிரிகின்றன. 26 அடிக்கு 26 அடி சதுரமாக நட்ட தோட்டத்தில் நேர் வரிசைகளுக்கு இடையே 26 அடி. மூலைவிட்டமாகப் பார்த்தால் வரிசைகள் நெருங்கும். 26ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் 18.4 அடிதான் அந்த இடைவெளி.

இரும்பும் ஒரு தோட்டம்தான், முப்பரிமாணத்தில் நட்ட தோட்டம். அறை வெப்பநிலையில் அதன் அடிப்படை அலகு ஒரு கனப்பெட்டி, நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான பெட்டி. எட்டு மூலையிலும் ஒவ்வொரு அணு, பெட்டியின் நட்டநடுவில் இன்னொன்று. பெட்டியின் பக்கம் 0.2866 நனோமீற்றர். இதிலும் மூலைவிட்டத் தளங்கள் உண்டு, அதே இரண்டின் வர்க்கமூலக் கணக்குத்தான். இடைவெளி 0.2027 நனோமீற்றர். அளவுதான் வேறு, கேத்திரகணிதம் ஒன்றே.

இனி பிரக்கின் கணக்கு. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு அணுத்தளங்கள். மேல்தளத்தில் ஒரு கதிர் பட்டுத் திரும்புகிறது, கீழ்த்தளத்தில் இன்னொன்று பட்டுத் திரும்புகிறது. கீழே போனது கூடுதல் தூரம் ஓடியிருக்கிறது. அந்தக் கூடுதல் தூரம் சரியாக ஒரு அலைநீளமாக, அல்லது இரண்டாக, மூன்றாக இருந்தால் இரண்டு அலையின் முடிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பலமாகும். இல்லாவிட்டால் ஒன்றின் முடியும் மற்றதன் தாழியும் மோதி அழிந்துபோகும். ஆயிரக்கணக்கான தளங்கள் சேரும்போது இந்த அழிப்பு கடுமையாகிறது. பொருந்துகிற கோணம் தவிர மற்ற எல்லாக் கோணத்திலும் கிட்டத்தட்டச் சூனியம். சூத்திரமாகச் சொன்னால், தள இடைவெளியின் இரு மடங்கை, கதிருக்கும் தளத்துக்கும் இடையிலான கோணத்தின் சைனால் பெருக்கினால் அலைநீளத்தின் முழுவெண் மடங்கு வரவேண்டும். அவ்வளவுதான். செப்புக் குழாய்க் கதிரையும் இரும்பின் 0.2027ஐயும் போட்டுப் பாருங்கள். சைன் 0.38, கோணம் ஏறத்தாழ 22.3 பாகை. கதிர் வந்த திசையிலிருந்து திரும்பியது அதன் இரு மடங்கு, 44.7 பாகை. உலகத்தின் எந்த மூலையில் சாதாரண இரும்பை வைத்து அளந்தாலும் அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும்.

இன்னொன்றையும் இந்தச் சூத்திரம் சொல்கிறது. இடைவெளி கூடினால் கோணம் குறையும், இடைவெளி குறைந்தால் கோணம் கூடும். இந்தத் தலைகீழ் உறவு பின்னால் வேலைக்கு வரும்.

ஒரு பளிங்கு என்றால் குறிப்பிட்ட திசையில் ஒரு புள்ளி விழும். தாக்கத்தித் துண்டு ஒரே பளிங்கல்ல, கல்லுக்கண்டை நொறுக்கி அமுக்கியது போலக் கோடிக்கணக்கான குறுணிகள். ஒரு குறுணி 20 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்தால் ஒரு கன மில்லிமீற்றருக்குள் 125,000 குறுணி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்பதால் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து வளையங்களாகின்றன. வளையம் சீராக இருந்தால் குறுணிகள் எல்லாத் திசையிலும் சமமாகப் பரந்திருக்கின்றன. திட்டுத்திட்டாக இருந்தால் குறுணிகள் பெரியவை. ஒரு பக்கம் கடுமையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால், தகட்டை உருட்டியபோது குறுணிகள் ஒரு திசைக்குச் சாய்ந்துவிட்டன. வாகனத்தின் உடற்தகடு அச்சில் அமுக்கும்போது கிழியாமல் வளைவதற்கு இந்தச் சாய்வு முக்கியம் என்பதால் தகடு செய்கிறவர்கள் அதைக் கவனமாக அளப்பார்கள். வளையத்தைச் சுற்றிக் கூட்டி ஒரே கோடாக வரைந்தால் கிடைப்பதுதான் எனக்கு வந்த மாதிரியான வரைபு.

சரி, மேடு எங்கே எழும்பும் என்று தெரிந்துவிட்டது. உருக்கில் இதைவைத்து என்ன தெரியப்போகிறது?

உருக்கு என்பது கொஞ்சம் காபன் கலந்த இரும்புதான். அந்த இரும்புக்கு இரண்டு வீடு உண்டு. அறை வெப்பநிலையில், மேலே சொன்ன நடுவில் அணு வைத்த கனப்பெட்டி. இதற்குப் பெரைட் என்று பெயர். 912 பாகை செல்சியஸைத் தாண்டினால் தூய இரும்பு வீடு மாறுகிறது. நடுவில் இருந்த அணு போய், பெட்டியின் ஆறு முகங்களின் மையத்திலும் அணு வந்து நிற்கும். இது ஒஸ்ரெனைட். கம்மாலை உலையில் இரும்பு செம்மஞ்சளாகப் பழுத்தபிறகு நடப்பது இதுதான். அடுக்கு மாறும்போது உள்ளே இருக்கிற சந்துகளின் அளவும் மாறுகிறது. ஒஸ்ரெனைட்டின் சந்து பெரியது, நிறைக்கணக்கில் 2 வீதத்துக்குச் சற்று மேல்வரை காபனை விழுங்கும். பெரைட்டோ 0.02 வீதத்தோடு வாயை மூடிக்கொள்ளும். உருக்கின் முழு வித்தையும் இந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

இதை எக்ஸ் கதிர் எப்படித் தீர்த்து வைத்தது என்பதில் ஒரு பழைய வழக்கும் உண்டு. இரும்பு 770 பாகையில் காந்தத் தன்மையை இழக்கும். 770க்கும் 912க்கும் இடையில் இருப்பது அல்பாவும் (பெரைட்) இல்லை காமாவும் (ஒஸ்ரெனைட்) இல்லை, ‘பீற்றா இரும்பு’ என்ற தனி வகை, உருக்கின் கடினத்துக்கே அதுதான் காரணம் என்று ஒரு கட்சியினர் வாதிட்டார்கள். 1920களின் தொடக்கத்தில் சுவீடனில் ஆர்னே வெஸ்கிரன் இரும்புக் கம்பியைச் சூடாக வைத்தபடியே எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். அந்த வெப்பநிலையிலும் அடுக்கு அதே பழைய கனப்பெட்டிதான். பீற்றா இரும்பின் கதை அத்தோடு முடிந்தது.

பழுத்த இரும்பை ஆறவிட்டால் காபனுக்கு வெளியேற நேரம் கிடைக்கும். அது மூன்று இரும்பணுவுக்கு ஒரு காபன் என்ற கணக்கில் தனியாகச் சேர்ந்து சிமெந்தைட் என்ற கடினப் பொருளாகும், மிச்சம் பெரைட். தண்ணீருக்குள் திடுமென்று தோய்த்தால்? வீடு மாறவேண்டும், ஆனால் காபனுக்கு வெளியே ஓட நேரமில்லை. சின்னச் சந்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மாட்டிக்கொண்ட காபன் கனப்பெட்டியை ஒரு பக்கமாகத் தள்ளி நீட்டிவிடும். பெட்டி இனிக் கனமல்ல, உயரம் கூடிய செவ்வகப்பெட்டி. இதுதான் மாட்டென்சைட். கம்மாலையில் ‘தோய்ச்சல்’ என்று சொல்வதன் உள்விடயம் இதுவே. மிகக் கடினமானது, அதே அளவுக்கு முறியக்கூடியது.

எவ்வளவு நீளும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒவ்வொரு ஒரு வீதக் காபனுக்கும் உயரம் அகலத்தைவிட ஏறத்தாழ 4½ வீதம் கூடும். லொறியின் பழைய வில்லுப்பட்டையில் தாக்கத்தி அடிப்பது வழக்கம். அதில் காபன் 0.6 வீதம் அளவில் இருக்கும். அப்படியென்றால் உயரம் 2.7 வீதம் கூட.

எனக்கு இந்த விடயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். காபனை எக்ஸ் கதிர் நேரே காண்பதில்லை. கதிரைச் சிதறடிப்பது இலத்திரன்கள். இரும்பணுவில் 26, காபனில் வெறும் 6. சிதறலின் பலம் ஏறத்தாழ வர்க்கத்தில் போவதால் ஒரு காபன் அணுவின் குரல் ஒரு இரும்பணுவின் குரலில் பத்தொன்பதில் ஒரு பங்குதான், அதுவும் நூறில் சில அணுக்கள். அந்தக் குரல் கேட்காது. ஆனால் அது இரும்பணுக்களைத் தள்ளிய தள்ளல் தெளிவாகத் தெரியும். பஸ்ஸுக்குள் ஏறிய ஒல்லியான மனிதரை வெளியிலிருந்து காணமுடியாது. நின்றவர்கள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்தால் யாரோ ஏறிவிட்டார் என்று தெரியும்தானே.

இப்போது வரைபுக்கு வரலாம். பிள்ளை கோபால்ட் குழாயைப் பாவித்திருக்கிறார், செப்பையல்ல. அதற்குக் காரணம் உண்டு. செப்பின் கதிருக்கு இரும்பணுவின் உள் இலத்திரனை உதைத்து வெளியேற்றும் சக்தி இருக்கிறது. உதைபட்ட இரும்பு தானே எக்ஸ் கதிரை உமிழத் தொடங்கும். கச்சேரியில் பாட்டுக் கேட்கப் போய், சபை முழுக்க இரைந்துகொண்டிருந்த கதையாகிவிடும். கோபால்ட்டின் கதிர் அந்தச் சக்திக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அலைநீளம் 0.179 நனோமீற்றர் என்பதால் மேடுகளின் இடமும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப்போகும்.

சாதாரண, தோய்க்காத இரும்பென்றால் இந்தக் குழாயில் 77 பாகைக்குக் கொஞ்சம் மேலே ஒரே மேடு எழும்பும். கனப்பெட்டியின் பக்கத்துக்கு உரிய மேடு அது. பெட்டியின் மூன்று பக்கமும் சமம், ஆகவே ஒரு மேடு. என் தாக்கத்தித் துண்டிலோ மேடு 77½ பாகையருகே இருந்தாலும் இடப்பக்கம் 75 பாகையருகே ஒரு தோள் பிதுங்கி நின்றது. நீண்ட பக்கத்துக்கு இடைவெளி கூட, இடைவெளி கூடினால் கோணம் குறைய. அதனால் அது இடப்பக்கம். நீண்ட பக்கம் ஒன்று, குறுகிய பக்கம் இரண்டு என்பதால் தோள் சிறியது, மேடு பெரியது. இரண்டுக்கும் இடைத்தூரத்தை அளந்தால் பெட்டி எவ்வளவு நீண்டிருக்கிறது, அதிலிருந்து உள்ளே மாட்டிய காபன் எவ்வளவு என்று போட்டுவிடலாம். ஏறத்தாழ 0.6 வீதம். வில்லுப்பட்டைக் காபனில் பெரும்பங்கு இன்னும் உள்ளேயே மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்று அர்த்தம்.

60 பாகையருகே தனியாக ஒரு குட்டி மேடும் இருந்தது. பெரைட்டுக்கோ மாட்டென்சைட்டுக்கோ அந்த இடத்தில் வேலையில்லை. அது ஒஸ்ரெனைட்டின் இடம். 912க்கு மேலே இருக்கவேண்டிய ஒஸ்ரெனைட் எப்படி எங்கள் மேசை லாச்சிக்குள் வந்தது? காபன் கலந்த உருக்கைத் தோய்க்கும்போது எல்லாமே மாறி முடிவதில்லை, ஒரு பங்கு மாறாமல் தங்கிவிடும். இதைத் தங்கிய ஒஸ்ரெனைட் என்பார்கள். மேடுகளின் பரப்பை ஒப்பிட்டால் எத்தனை வீதம் தங்கியது என்று கணக்கிடலாம். போல் பெயாரிங், பற்சில்லு செய்கிறவர்களுக்கு இது தூக்கம் கெடுக்கிற எண். தங்கியது பிறகு ஒரு நாள் மனம் மாறி மாட்டென்சைட் ஆனால் கனவளவு ஏறத்தாழ 4 வீதம் பெருக்கும். அளவு பிசகும், சிலவேளை வெடிக்கும். ஆனால் எல்லா இடத்திலும் இது கெட்டதும் இல்லை. இப்போதைய காரின் சில உருக்குகளில் வேண்டுமென்றே இதைத் தங்கவிடுகிறார்கள். மோதலில் தகடு நெளியும்போது தங்கியது மாறி, நெளிந்த இடத்தை அந்தக் கணமே கடினமாக்கும்.

இதை வீட்டிலேயே ஒருவிதமாகப் பார்க்கலாம். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது. 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் சேர்த்த வகையில் அறை வெப்பநிலையிலும் ஒஸ்ரெனைட்தான் நிற்கும், அதற்குக் காந்தத்தோடு ஒட்டுறவில்லை. அதே பாத்திரத்தின் மடித்த விளிம்பில், அல்லது கழுவுதொட்டியின் கூரான மூலையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். மெல்ல இழுத்தால் அடித்து வளைத்தபோது அங்கே கொஞ்சம் மாட்டென்சைட் பிறந்திருக்கிறது. (பாத்திரம் முழுக்கக் கப்பென்று ஒட்டினால் அது நிக்கல் சேராத மலிவு வகை. கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம், அதுவும் துருப்பிடிக்காத உருக்குத்தான்.) காந்தம் ‘இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். எக்ஸ் கதிர் எத்தனை வீதம் என்று சொல்லும்.

மேட்டின் இடம், பரப்பு இரண்டையும் பார்த்தோம். அதன் தடிப்பும் பேசும். ஒழுங்காக நட்ட பெரிய பளிங்கென்றால் மேடு ஊசிபோல் ஒடுங்கியிருக்கும். அடித்து, இழுத்து, தோய்த்து உள்ளே வரிசைகள் குழம்பிவிட்டால் மேடு பருத்துப்போகும். இந்தக் குழப்பத்தில் முக்கியமானது ‘இடப்பெயர்வுக் கோடு’. அணுத்தளம் ஒன்று நடுவழியில் அறுந்துபோனால் அந்த அறுந்த ஓரம்தான் கோடு. கடுமையாக அடித்த உருக்கில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள் இருக்கும் இந்தக் கோடுகளை நீட்டிக் கட்டினால் பத்து இலட்சம் கிலோமீற்றர் வரும். சந்திரனுக்குப் போய்த் திரும்பியும் மிச்சம் இருக்கும். ஒரு சீனிக்கட்டி அளவு இரும்புக்குள்! இதை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்க இயலாது. மேட்டின் தடிப்பிலிருந்து கணக்கிடுவது ஒரு வழி.

மேடு பருக்காமல் இடம் மட்டும் சற்றே நகர்ந்தால் அது இழுவிசை அல்லது அமுக்கம். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சட்டம் இழுபடுகிறது என்றால் அதன் அணுத்தளங்களும் இழுபட்டுத்தான் இருக்கும். இடைவெளி ஆயிரத்தில் ஒரு பங்கு கூடியிருந்தால், உருக்கின் விறைப்பான 210 கிகாபஸ்காலால் பெருக்க, 210 மெகாபஸ்கால் தகைப்பு. சாதாரண கட்டட உருக்கு நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லைக்கு அது கிட்ட. ஆயிரத்தில் ஒன்று என்பது இங்கே 0.0002 நனோமீற்றர், அதைக் கோணத்தில் அளக்க முடிகிறது. ஒட்டு வெல்டிங் ஆறும்போது உலோகத்துக்குள்ளேயே சிறைப்பட்டுப் போகும் தகைப்பையும் இப்படித்தான் பிடிப்பார்கள். வெளியே எந்தச் சுமையும் இல்லாமல் ஒட்டு தானாக வெடிக்கும்போது பெரும்பாலும் குற்றவாளி அதுதான். கடற்காற்று பட்ட துருவையும் இதே கருவி வகை பிரித்துச் சொல்லும். உப்பு சேர்ந்த இடத்தில் பிறக்கும் அகாகனைற் என்ற துருவுக்குத் தனி மேடுகள் உண்டு.

இதுவரை பேசியது அணுக்களுக்கு இடையிலான தூரம் பற்றியே. இப்போதைய பல உருக்குகளின் பலம் வேறொன்றில் இருக்கிறது. நியோபியம், வனேடியம் போன்ற உலோகங்களைச் சிட்டிகையளவு சேர்த்து, அவை காபனோடு கூடி உண்டாகும் சில நனோமீற்றரே உள்ள காபைட் மணிகளை உள்ளே தூவிவிடுவார்கள். அவை இடப்பெயர்வுக் கோடுகளை ஓடவிடாமல் மறிக்கும். இவற்றை எப்படிப் பார்ப்பது? அந்தத் தலைகீழ் உறவை நினைவுபடுத்துங்கள். பெரிய அளவு, சின்னக் கோணம். 5 நனோமீற்றர் மணி 0.154 நனோமீற்றர் கதிரைத் திருப்புவது இரண்டு பாகைக்கும் உள்ளேதான். நேரே போகிற முதன்மைக் கதிருக்கு ஒட்டினாற்போல் விழும் இந்த மங்கல் ஒளிவட்டத்தை அளப்பதே சிறுகோணச் சிதறல். உணரியைச் சில மீற்றர் தள்ளி வைத்து, முதன்மைக் கதிரை ஒரு சிறு தடுப்பால் மறித்துவிட்டு அளப்பார்கள். சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் பறக்கும் பறவையைப் பார்ப்பது போல. மணிகளின் சராசரிப் பருமன், எத்தனை இருக்கின்றன என்ற இரண்டும் இதில் கிடைக்கும்.

ஆய்வுகூடக் கருவிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதன் கதிர் இரும்புக்குள் இருபது மைக்ரோன்கூட ஒழுங்காகப் போகாது, தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. மேற்பரப்பை மட்டும் பார்க்கிறோம். அதற்குள் நம் கைவேலையே பிழைவிடும். துண்டை அரத்தால் தேய்த்து மினுக்கினால், அந்தத் தேய்ப்பிலேயே தங்கிய ஒஸ்ரெனைட் மாட்டென்சைட்டாக மாறிவிடும். பிறகு கருவி உண்மையைத்தான் சொல்லும், ஆனால் தேய்ப்பைப் பற்றிய உண்மையை. தேய்த்த படையை மின்னால் கரைத்து நீக்கிவிட்டு அளப்பதுதான் முறை. பிள்ளையிடம் இதை முதலில் கேட்டேன், செய்திருக்கிறார்.

உள்ளே ஆழமாகப் பார்க்க சிங்குறோத்திரன் வேண்டும். இலத்திரன்களை ஒளிவேகத்துக்குக் கிட்ட வளையத்தில் ஓடவிட்டு, அவை வளையும்போது உமிழும் எக்ஸ் கதிரை எடுக்கும் பெரிய நிலையம். பிரான்சின் கிரனோபிளிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பெரியவை உள்ளன, நமக்குக் கிட்டியது இந்தியாவின் இந்தூரில். பெரிய நிலையங்களின் உயர்சக்திக் கதிர் சில மில்லிமீற்றர் உருக்கை ஊடுருவும். அதைவிட முக்கியம், ஒரு படத்துக்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை. உலைக்குள் வைத்தபடியே, ஒஸ்ரெனைட்டின் வளையம் மங்கி பெரைட்டின் வளையம் எழுவதைப் படம்படமாகப் பார்க்கலாம். 2002இல் கிரனோபிளில் ஒரு குழு இப்படித் தனித்தனிக் குறுணிகள் பிறந்து வளர்வதையே தொடர்ந்து பார்த்தது. புதுக் குறுணி பிறப்பதற்குத் தாண்டவேண்டிய சக்தித் தடை, பழைய கணக்குகள் சொன்னதைவிட நூறு மடங்களவு சிறியது என்று கண்டார்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. எக்ஸ் கதிர் சராசரியைத்தான் சொல்லும். எட்டு வீதம் ஒஸ்ரெனைட் இருக்கிறது என்று சொல்லும், அது ஒரே இடத்தில் குவிந்திருக்கிறதா ஊசி ஊசியாகப் பரந்திருக்கிறதா என்று சாதாரண வரைபு சொல்லாது. சிமெந்தைட் போன்றவை கொஞ்சமாக இருந்தால் அவற்றின் மேடு இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அதற்குத் துண்டை மினுக்கி, அமிலத்தால் அரித்து, நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பழைய முறை வேண்டும். 1860களில் ஷெபீல்டில் சோர்பி தொடங்கி வைத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

என் துண்டுக்கு இரண்டாவது தேவைப்படவில்லை. தோய்த்த உருக்கை மறுபடி 200, 300 பாகைக்கு இளஞ்சூடாக்கினால் மாட்டிய காபனில் பெரும்பங்கு வெளியேறி நுண்ணிய காபைட்டாகும், பெட்டி தளர்ந்து கனத்துக்குக் கிட்ட வரும், அந்தத் தோள் மேட்டுக்குள் கரைந்துபோகும். கம்மாலையில் இதற்கு வெப்பமானி கிடையாது. மினுக்கிய வாயில் ஓடும் நிறத்தைப் பார்ப்பார்கள். வைக்கோல் மஞ்சள் வந்தால் ஒரு சூடு, நீலம் ஓடினால் கூடின சூடு. என் வரைபில் தோள் அப்படியே நின்றது. தோய்த்தபிறகு அந்தத் துண்டு நெருப்பைக் காணவேயில்லை.

வரைபை ஃபோனில் எடுத்துக்கொண்டு கம்மாலைக்குப் போனேன். குறை சொல்லப் போகவில்லை, பார்க்கத்தான் ஆசை. பெரியவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேட்டைத் தொட்டுக் காட்டி, இந்த இடம் கரைந்திருக்கவேண்டும் என்றேன்.

“அண்டைக்கு வெட்டு நேரம், சேர். ஆக்கள் வரிசையில நிண்டாங்க. தண்ணிக்குள்ள போட்டன், எடுத்தன். மறுகா சூடு காட்ட நேரமில்லாமப் போச்சு” என்றார். பிறகு உலைப்பக்கம் திரும்பி, “மிச்சத் துண்டக் கொண்டு வாங்க, கொத்துக்கத்தி ஒண்டு அடிச்சுத் தாறன்” என்றார்.